ஜாலான் அம்பாஸின் உளவாளி

ஜேம்ஸ் பாண்ட் என்பது பறவை ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெயர். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அவர், மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி 1936இல் ஒரு கையேடு வெளியிட்டார். ஜமைக்காவில் வீடு கட்டிக்கொண்டு குளிர்காலங்களை அங்கே கழித்த இயான் ஃபிளெமிங்கிடம் அந்தப் புத்தகம் இருந்தது. 1952இல் முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது கதாநாயகனுக்கு அலங்காரமில்லாத ஒரு பெயர் வேண்டும் என்று தேடிய ஃபிளெமிங், அந்தக் கையேட்டை எழுதியவரின் பெயரையே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'கேசினோ ராயல்' வெளிவந்தது.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவைகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். அவர் பெயர் லோக் வான் தோ. கேத்தே நிறுவனத்தின் அதிபர். ஆர்ச்சர்ட் சாலையின் ஒரு முனையில் 1939இல் எழுந்த கேத்தே கட்டடம் அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்நாளில் சிங்கப்பூரிலேயே அதுதான் உயரமான கட்டடம். குளிரூட்டப்பட்ட திரையரங்கு உள்ளே இருந்தது. ஜப்பானியப் படை நெருங்கியபோது அவர் தப்பிச் சென்ற கப்பல் குண்டுவீச்சில் சிக்கியது. படுகாயத்தோடு பிழைத்தவர் கடைசியில் இந்தியா போய்ச் சேர்ந்தார். பம்பாயில் அறிமுகமான சலீம் அலி அவருக்குப் பறவைகளைப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. சலீம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்கு லோக் பணம் கொடுத்தார். 1957இல் தம் பறவைப் படங்களையும் அனுபவங்களையும் ஒரு நூலாக வெளியிட்டார்.

லோக் ஊரில் இல்லாத அந்தப் போர்க்காலத்தில்தான் அவருடைய கேத்தே அரங்கில், 1943 அக்டோபர் 21ஆம் தேதி, சுபாஷ் சந்திரபோஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய ராணுவத்துக்குத் தோட்டங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் திரண்டு வந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். சிங்கப்பூர்த் தமிழருக்குக் கேத்தே என்ற பெயர் சினிமாவோடு மட்டும் நின்றுவிடாததற்கு இது காரணம்.

1964 ஜூன் 20ஆம் தேதி, தைப்பேயில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவுக்குப் போயிருந்த லோக், தைவானில் விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். அவருக்கு வயது 49. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 12ஆம் தேதி இங்கிலாந்தில் ஃபிளெமிங் மாரடைப்பால் இறந்தார். பாண்டைப் படைத்தவர் போனபின்னும் பாண்ட் படங்கள் நிற்கவில்லை. 'கோல்ட்ஃபிங்கர்' அடுத்த மாதமே திரைக்கு வந்து முந்தைய இரண்டு படங்களையும் விஞ்சியது. லோக் போனபின் கேத்தேயின் படத்தயாரிப்போ படிப்படியாகத் தளர்ந்தது. ஒரு தொடரைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்விக்கு இந்த இரண்டு மரணங்களிலிருந்தே விடை தேடத் தொடங்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

பாண்ட் படங்கள் பிழைத்ததற்குக் காரணம் இரண்டு தயாரிப்பாளர்கள். கனடாக்காரரான ஹாரி சால்ட்ஸ்மன் 1961இல் ஃபிளெமிங்கின் நாவல்களைப் படமாக்கும் உரிமையை ஆறு மாதக் கெடுவில் வாங்கி வைத்திருந்தார். கெடு முடிய நாள் நெருங்கியது. பணம் போட ஒருவரும் முன்வரவில்லை. அதே நாவல்கள்மீது வெகுநாளாகக் கண் வைத்திருந்த அமெரிக்கர் ஆல்பர்ட் புரோக்கலி அவரோடு கூட்டுச் சேர்ந்தார். உரிமைகளை வைத்துக்கொள்ள ஒரு நிறுவனம், படம் எடுக்க ஈயான் என்று இன்னொரு நிறுவனம். யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் கொடுத்தது. 1962 அக்டோபர் 5ஆம் தேதி லண்டனில் 'டாக்டர் நோ' வெளியானது.

படத்தை எடுப்பவரும் கதையுரிமையை வைத்திருப்பவரும் ஒரே குடும்பமாக இருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1975இல் பணநெருக்கடியில் சால்ட்ஸ்மன் தன் பங்கை விற்று விலகினார். புரோக்கலி விலகவில்லை. அவருக்குப் பின் மகள் பார்பராவும் மனைவியின் மகன் மைக்கேல் வில்சனும் பொறுப்பேற்றார்கள். நடிகர்கள் மாறினார்கள், இயக்குநர்கள் மாறினார்கள், பனிப்போரே முடிந்துபோனது. 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை 25 படங்களை அந்த ஒரு வீடு எடுத்து முடித்தது. ஃபிளெமிங் விட்டுப்போனது 12 நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுதிகளும்தான். அவற்றின் தலைப்புகளை வைத்துக்கொண்டு கதைகளைப் புதிதாக எழுதினார்கள். 1989இல் ஃபிளெமிங்கின் தலைப்பு இல்லாத படமும் வந்தது. முதல் நாவலான 'கேசினோ ராயல்' மட்டும் தொடக்கத்திலேயே வேறு கைக்கு விற்கப்பட்டிருந்தது. அது சுற்றிச் சுற்றி இவர்களிடம் வந்து சேர 1999 ஆனது. 2006இல் படமாக எடுத்தார்கள். 'தண்டர்பால்' கதையில் தனக்கும் பங்குண்டு என்று கெவின் மெக்ளோரி வழக்குப் போட்டார். அந்தச் சிக்கல் முழுதாகத் தீர்ந்தது 2013இல். அரை நூற்றாண்டு காலம் ஒரு குடும்பம் வக்கீல்களோடு உட்கார்ந்து ஒரு கற்பனை மனிதனைக் காப்பாற்றியிருக்கிறது.

ஃபிளெமிங்குக்கும் முன்னோடி உண்டு. முதல் உலகப் போரில் ஸ்விட்சர்லாந்திலும் பிறகு ரஷ்யாவிலும் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை பார்த்த சாமர்செட் மாம், அந்த அனுபவத்தை 1928இல் 'ஆஷெண்டன்' என்ற கதைத் தொகுப்பாக்கினார். உளவு வேலையின் சலிப்பையும் காத்திருப்பையும் உள்ளபடி காட்டிய முதல் புத்தகங்களில் அது ஒன்று. அந்த மாம் சிங்கப்பூர் வந்தால் தங்கியது ராஃபிள்ஸ் ஹோட்டலில். இந்தத் தீவையும் மலாயாவையும் வைத்து அவர் எழுதிய கதைகள் பல. ஆனால் அவருடைய உளவாளி மட்டும் ஐரோப்பாவிலேயே இருந்துவிட்டான்.

இத்தனைக்கும் சிங்கப்பூரில் உளவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. போருக்குப் பின் தங்ளின் சாலையின் ஃபீனிக்ஸ் பார்க்கில்தான் தென்கிழக்காசியாவுக்கான பிரிட்டிஷ் தலைமை அலுவலகம் இருந்தது. பாதுகாப்பு, உளவுப் பிரிவுகளும் அங்கேயே இயங்கின. 1950களில் சிங்கப்பூரில் பணியாற்றிய மோரிஸ் ஓல்ட்ஃபீல்டு, 1973இல் பிரிட்டிஷ் வெளியுளவுத் துறைக்கே தலைவரானார். பாண்ட் கதைகளில் 'எம்' உட்கார்ந்திருக்கும் நாற்காலி அது. 1963இலிருந்து இந்தோனேசியாவின் 'கொன்ஃப்ரொந்தாசி' மோதல் தொடங்கியதும் நாசவேலைக்காரர்கள் படகேறி வந்தார்கள். 1965 மார்ச் 10ஆம் தேதி பிற்பகல், ஆர்ச்சர்ட் சாலையின் மெக்டோனல்ட் ஹவுஸில் வெடித்த குண்டு மூன்று உயிர்களைக் குடித்தது. அதை வைத்தவர்கள் சாதாரண உடையில் நகருக்குள் நுழைந்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள். 1968இல் அவர்களுக்குத் தூக்குத் தண்டனை நிறைவேறியது.

அந்தக் குண்டு வெடித்த மறு ஆண்டு, சிங்கப்பூருக்கென்று ஒரு திரை உளவாளி வந்தான். பெயர் ஜெஃப்ரி சைன். படம் 'கெராக் கிலாட்'. இயக்கியவர் ஜமில் சுலோங். நாயகன் ஜின்ஸ் ஷம்சுதீன். படத்தைத் தந்தது ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிரிவு. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகப் போய் பாலஸ்டியர் சாலையில் திரும்பினால், கடைவீடுகளுக்கு நடுவே ஜாலான் அம்பாஸ் என்ற சிறு தெரு வரும். அங்கேதான் அந்த ஸ்டூடியோ. 1940களின் இறுதியிலிருந்து 1967 வரை 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் அந்தச் சந்திலிருந்து வெளிவந்தன. பி. ரம்லி பாடியதும் நடித்ததும் இயக்குநராக உயர்ந்ததும் அங்கேதான்.

அந்த ஸ்டூடியோவின் சுவர்களுக்குள் தமிழும் மலையாளமும் இந்தியும் கேட்டிருக்கும். தொடக்க காலத்தில் ஷா சகோதரர்கள் இயக்குநர்களை இந்தியாவிலிருந்துதான் வரவழைத்தார்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், பி. என். ராவ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் என்று வரிசை நீளம். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன்தான் 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலாக நாயகனாக்கினார். மலாய்ப் படங்களின் பாட்டுக்கும் அழுகைக்கும் சண்டைக்கும் உள்ள தமிழ்ப்பட வாசனை இந்தக் கைகளின் வழியே வந்தது. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நம் ஆட்கள் ஒரு மொழியின் சினிமாவுக்கே அடித்தளம் போட்டார்கள் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு அது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜெஃப்ரி சைனுக்கு வருவோம். 'கெராக் கிலாட்' ஓடியது. 'பாயாங்கான் அஜால்', 'ஜுராங் பஹாயா' என்று இரண்டு படங்கள் தொடர்ந்தன. போட்டியான கேத்தே-கெரிஸ் நிறுவனம் மாட் செந்தோலை வைத்து 1967இல் 'மாட் பாண்ட்' என்ற நகைச்சுவைப் படத்தையே எடுத்துவிட்டது. ஒரு தொடர் ஊன்றிக்கொள்ளத் தேவையான எல்லாம் இருந்தன: நல்ல நாயகன், பழகிய ஸ்டூடியோ, சொந்தத் திரையரங்குகள், வாசலிலேயே நிஜமான ஆபத்து. ஆனால் அதே 1967இல் ஜாலான் அம்பாஸ் மூடப்பட்டது. 1963இல் தொலைக்காட்சி வந்து பார்வையாளர்களை வீட்டோடு நிறுத்தியது. கொன்ஃப்ரொந்தாசியால் இந்தோனேசியச் சந்தை கைவிட்டுப் போனது. 1950களிலிருந்தே சம்பளத்துக்கான தொழிற்சங்கப் போராட்டங்கள் இருந்தன. 1965இல் சிங்கப்பூர் தனி நாடானதும் மலாய்ப் படங்களின் பெரிய சந்தை எல்லைக்கு அப்பால் நின்றது. ரம்லி 1964இலேயே கோலாலம்பூருக்குப் போய்விட்டார். கேத்தே-கெரிஸும் 1970களின் தொடக்கத்தில் படம் எடுப்பதை நிறுத்திக்கொண்டது.

ஜெஃப்ரி சைனுக்குப் பின்னால் ஃபிளெமிங்குக்கு இருந்ததுபோல் பதினான்கு புத்தகங்கள் இருக்கவில்லை. ஸ்டூடியோ போனதும் அவனும் போனான். புத்தகத்தில் வாழ்ந்திருந்தால் இன்னொரு தயாரிப்பாளர் கையில் எழுந்து வந்திருப்பான் என்றே நான் நம்புகிறேன். ஜின்ஸ் ஷம்சுதீன் மலேசியாவின் பெருநடிகராகவும் இயக்குநராகவும் செனட்டராகவும் வாழ்ந்து 2017இல் மறைந்தார். 1978இல் 'கிளியோபாட்ரா வோங்' என்ற சிங்கப்பூர்ப் பெண் இன்டர்போல் அதிகாரி திரைக்கு வந்தாள். பிலிப்பீன்ஸ் இயக்குநர் பாபி சுவாரெஸ் எடுத்த படம்; நடித்தவர் மேரி லீ என்ற திரைப்பெயர் பூண்ட சிங்கப்பூர்ப் பெண். அவளும் மூன்று படங்களோடு நின்றுவிட்டாள்.

சிங்கப்பூர்த் தமிழரின் உளவாளி வேறு வழியில் வந்தார். அவர் வந்தது கப்பலில். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாக வரும் 'ரஜூலா' போன்ற கப்பல்களின் காலம் அது. இதழ்களும் நாவல்களும் சிராங்கூன் சாலைக் கடைகளில் கயிற்றில் தொங்கும். கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணனின் சங்கர்லால், வீட்டில் மனைவி இந்திராவும் கையில் தேநீருமாக இருந்துகொண்டே உலக நகரங்களுக்குப் போய்த் துப்பறிந்தார். மதுவும் பெண்பித்தும் இல்லாத, தனித்தமிழ் பேசும் துப்பறிவாளர். கப்பலேறி வந்து குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த தலைமுறைக்கு, விமானத்தில் தமிழ் பேசிக்கொண்டு பறக்கும் ஒரு தமிழன் எத்தனை பெரிய கனவு! துப்பறியும் நாவல் தமிழுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தலையணை கனத்தில் எழுதிக் குவித்தார்கள். வடுவூராரின் திகம்பர சாமியாரைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் படமாக எடுத்தது; நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு நடித்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸைச் சொல்லாமல் தமிழ் உளவுப் படங்களைச் சொல்ல முடியாது. டி. ஆர். சுந்தரம் ஏற்காட்டு மலையடியில் கட்டிய அந்த ஸ்டூடியோ, ஷா சகோதரர்களுடையதைப் போலவே எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் வைத்திருந்தது. சுந்தரம் 1963இல் இறந்தபின் மகன் ராமசுந்தரம் 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்', 'சிஐடி சங்கர்' என்று ஜெய்சங்கரை வைத்து வரிசையாக எடுத்தார். தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். எம்ஜிஆரும் 1968இல் 'ரகசிய போலீஸ் 115' ஆனார். அந்த மூன்று இலக்கம் எங்கிருந்து வந்தது என்று எந்த ரசிகருக்கும் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சிங்கப்பூரில் இத்தகைய படங்களின் வீடு நார்த் பிரிட்ஜ் சாலையில் இருந்தது: ராயல், டைமண்ட் என்று இந்தியப் படங்களுக்குப் பேர்போன கொட்டகைகள். தேக்காவுக்கு எதிரே மெக்கன்சி சாலையில் 1946இல் திறந்த ரெக்ஸ் பெரிய அரங்கு.

பிறகு தமிழ் சினிமாவே சிங்கப்பூருக்கு வந்தது. 1973இல் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' எம்ஜிஆரின் சொந்தத் தயாரிப்பு. மின்னல் சக்தியை அடக்கும் விஞ்ஞானி, அவருடைய குறிப்புகளுக்காகத் துரத்தும் கும்பல், நகரத்துக்கு நகரம் தேடிப்போகும் தம்பி என்று பாண்ட் படத்தின் எலும்புக்கூடு அப்படியே அதில் உண்டு. சிங்கப்பூரும் அந்தப் பயணத்தில் ஒரு நிறுத்தம்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'ப்ரியா'. சுஜாதாவின் கணேஷ், வசந்த் வரிசையில் வந்த தொடர்கதை அது. நாவலில் கதை நடப்பது லண்டனில். பஞ்சு அருணாசலம் திரைக்கதை எழுதி எஸ். பி. முத்துராமன் இயக்கி 1978 டிசம்பரில் வந்த படத்தில் லண்டன் போய் சிங்கப்பூர் வந்தது. வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த், நடிகை ப்ரியாவாக ஸ்ரீதேவி, உடன் மலேசிய நடிகை அஸ்னா ஹமீத். நாவலைப் படித்து நேசித்தவர்கள் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. சுஜாதாவுக்கே திருப்தியில்லை என்பார்கள். ஆனால் சிங்கப்பூர்த் தமிழருக்கு அது வேறொன்றைக் கொடுத்தது: தாங்கள் தினமும் நடக்கும் தெருவில் தமிழ்க் கதாநாயகன் நடந்தான். அடுத்த ஏப்ரலில் பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. அதுவும் சுஜாதாவின் கதை, அதுவும் சிங்கப்பூர். ஒரே எழுத்தாளரின் இரண்டு கதைகள் நாலு மாத இடைவெளியில் இந்தத் தீவைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுபோயின. இருந்தும் கணேஷும் வசந்தும் ஒரே தயாரிப்பாளர் கையில் தொடராக வளரவே இல்லை. ஆளுக்கொரு படமாகப் பிய்த்து எடுத்தார்கள். புத்தகம் இருந்தது, புரோக்கலியைப் போன்ற ஒரு வீடு அமையவில்லை. ஜெஃப்ரி சைனின் கதைக்கு நேர் எதிரான குறை இது.

பாண்ட் படத்திலேயே தமிழர் ஒருவர் நடித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983இல் வந்த 'ஆக்டோபஸி'யில் பாண்டுக்குத் துணைநிற்கும் விஜய் என்ற உளவாளி, நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். படத்தின் நடுவிலேயே அவரைக் கொன்றுவிடுவார்கள்.

திரையில் இப்படியெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, சிங்கப்பூரின் நிஜமான உளவுத்துறைக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர். எஸ். ஆர். நாதன் 1971 முதல் 1979 வரை தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். 1924இல் பிறந்தவர், படிப்பைப் பாதியில் விட்டு வீட்டைவிட்டு ஓடியவர், ஜப்பானியர் காலத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர், மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் கடலோடிகள் நல அதிகாரியாகவும் இருந்தவர். 1974 ஜனவரி 31ஆம் தேதி, ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் புலாவ் புக்கோமில் உள்ள ஷெல் எண்ணெய் ஆலையைத் தாக்கினார்கள். தப்பும் வழியில் 'லாஜு' என்ற படகைக் கைப்பற்றி அதன் ஊழியர் ஐவரைப் பிணை பிடித்தார்கள். பேச்சுவார்த்தை ஒரு வாரம் இழுத்தது. நடுவில் அவர்களுடைய கூட்டாளிகள் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தையே கைப்பற்றினார்கள். முடிவில், பிணையாளிகளை விடுவித்தால் பாதுகாப்பாகக் குவைத் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்பதற்கு உத்தரவாதமாகப் 13 சிங்கப்பூர் அதிகாரிகள் அதே விமானத்தில் ஏறினார்கள். அந்தக் குழுவின் தலைவர் நாதன். பிப்ரவரி 8ஆம் தேதி புறப்பட்டவர்கள் ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடாமல் ஊர் திரும்பினார்கள்.

இதைப் படமாக நினைத்துப் பார்க்கிறேன். துப்பாக்கி தூக்காத நாயகன். ஐம்பதை நெருங்கும் வயது, குடும்பஸ்தர், ஆயுதம் தாங்கியவர்களோடு ஒரே விமானத்தில், இறங்கிய ஊரில் தன்னை விடுவார்களா என்று தெரியாத நிலையில் உட்கார்ந்திருக்கிறார். பாண்டின் எந்தச் சாகசமும் இந்தக் காத்திருப்பின் அருகில் வராது. நாதன் பிற்காலத்தில் தூதரானார். 1999 முதல் 2011 வரை அதிபராக இருந்தார். 2011இல் தம் நினைவுகளை ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். 2016 ஆகஸ்டில் அவருடைய அரசு மரியாதை இறுதிச் சடங்கில் சேரனின் 'பொற்காலம்' படப் பாட்டு ஒன்று ஒலித்தது. பல ஊர் மண்ணைச் சேர்த்துப் பொம்மை செய்யும் பாட்டு. அவருக்குப் பிடித்த பாட்டு அது. உளவுத்துறையை எட்டு ஆண்டு நடத்திய மனிதருக்குச் சிங்கப்பூர் ஒரு தமிழ்ப் படப் பாட்டோடு விடைகொடுத்தது.

இன்று இந்தச் சித்திரம் எல்லாப் பக்கமும் மாறிவிட்டது. முதலில் அரங்குகள். ராயலும் டைமண்டும் போய் வெகுகாலம் ஆகிறது. ரெக்ஸ் 1983இல் மூடி, பல வேடம் பூண்டு, 2009இல் இந்தியப் படங்களுக்காகத் திரும்பத் திறந்தது. போஸ் முழங்கிய கேத்தே கட்டடத்தின் முகப்பு 2003இல் தேசிய நினைவுச்சின்னமானது; பின்னால் இருந்ததை இடித்துப் புதிய வளாகம் கட்டினார்கள். அங்கே கேத்தே பெயர் தாங்கிய திரைகள் 2022 ஜூனில் அணைந்தன. கேத்தே சினிப்ளெக்சஸ் 2017இலேயே வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது. கடன் தாங்காமல் 2025 செப்டம்பரில் எஞ்சிய அரங்குகளையும் மூடியது. லோக் வான் தோவின் பெயரோடு சேர்ந்த ஒரு திரையரங்கச் சங்கிலி அத்தோடு முடிந்தது. அதற்குச் சில நாள் முன்பு, பீச் சாலையின் கோல்டன் மைல் டவரில் பழைய பெரிய அரங்கைக் காப்பாற்றி நடத்திவந்த 'தி புரொஜெக்டர்' மூடப்பட்டது. அந்தக் காலத்து நிறுவனங்களில் ஷா மட்டும் தாக்குப்பிடிக்கிறது. ஆர்ச்சர்ட் சாலை லிடோவில் தமிழ்ப் படமும் பார்க்கலாம்.

பாண்டின் வீடும் கைமாறிவிட்டது. 2022இல் அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்தை 845 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் பார்பராவும் வில்சனும் படைப்புக் கட்டுப்பாட்டை அமேசானிடம் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்கள். அடுத்த படத்துக்கு ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன் தயாரிப்பாளர்கள். டெனி வில்நவ் இயக்குநர். 63 ஆண்டு ஒரே குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் முடிவான விஷயங்கள் இனி நிறுவனத்தின் கூட்ட அறையில் முடிவாகும். பாண்ட் பிழைப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு நடிகரை மாற்ற ஆண்டுக்கணக்கில் தயங்கிய அந்தப் பொறுமையைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா?

தமிழில் இதற்கு நேர்மாறாக ஒரு நல்ல காரியம் நடந்தது. 1986இல் கமல்ஹாசன் தம் சொந்த நிறுவனத்தில் 'விக்ரம்' எடுத்தபோது, சுஜாதா அந்தக் கதையைக் குமுதத்தில் தொடராகவும் எழுதினார். எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஒரே நேரத்தில் ஒரு உளவாளியைப் பெற்றெடுத்த அரிய தருணம். கடத்தப்பட்ட ஏவுகணைக்கு அதில் அக்னிபுத்திரன் என்று பெயர். இந்தியா நிஜமான அக்னியை ஏவியது 1989இல். படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் உரிமையும் பெயரும் அதே வீட்டில் இருந்தன. 36 ஆண்டு கழித்து, 2022இல் லோகேஷ் கனகராஜ் அந்த விக்ரமை நரைத்த தாடியோடு எழுப்பிக்கொண்டு வந்தார். தயாரித்தது அதே ராஜ்கமல். சுஜாதா அதைப் பார்க்க இல்லை. அவர் 2008இல் மறைந்தார். மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் ஜாலான் அம்பாஸுக்கும் வாய்க்காதது இங்கே வாய்த்தது.

பழைய பிரதிகளுக்கு இப்போது நல்ல இடம் கிடைத்திருக்கிறது. 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் கேத்தே-கெரிஸின் மலாய்ப் படங்களைப் பேணுகிறது. அவற்றில் 91 படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் ஏறின. கப்பலுக்குக் காத்திருந்த வாசகரின் பேரப்பிள்ளை, தேசிய நூலகத்தின் செயலியில் தமிழ் மின்னூலை இரவு பத்து மணிக்கும் இரவல் வாங்கலாம். 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் முந்நூற்றுக்கும் மேல் மின்வடிவாயின. கவிதையும் சிறுகதையும் அவற்றில் நிறைய. உளவுக் கதை என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம் பொங்குகிறது. நம்மிடம் ஃபீனிக்ஸ் பார்க் இருக்கிறது. சிவப்பு ஓட்டுக் கூரைக் கட்டடங்களோடு இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம். மெக்டோனல்ட் ஹவுஸ் செங்கல் மாறாமல் நிற்கிறது. லாஜு இருக்கிறது, நாதனின் நினைவுநூல் இருக்கிறது. கேத்தேயில் போஸின் பேச்சைக் கேட்டவர்களின் பேரன்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் வீடு பிறகு வரட்டும். ஃபிளெமிங் எழுதத் தொடங்கி சால்ட்ஸ்மன் கதவைத் தட்ட ஒன்பது ஆண்டு ஆனது. எழுதும் இளைஞர்களிடம் நான் கேட்பது ஒரு கதாபாத்திரம். ரேஸ் கோர்ஸ் சாலையில் குடியிருப்பவன், அல்லது குடியிருப்பவள். வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், ஃபீனிக்ஸ் பார்க் அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் காதைத் தீட்டி வைத்திருக்கும் தட்டச்சர். அவர் கைக்கு வரும் கோப்பில் படகுகளைப் பற்றி ஒரு தகவல் இருக்கிறது. மேலதிகாரி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டு 1965, மார்ச் முதல் வாரம். மீதியை எழுதுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.